தை மாதத்தில் தனியாளாகப் பொதிகை ஏறுவது: திருநெல்வேலிச் சீமையினருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகும் சாலையில், தை மாதக் காலை வேளையில் மேற்கே பார்த்தால், ஐப்பசி கார்த்திகை முழுக்க மேகத்துக்குள் மறைந்திருந்த மலைத்தொடர் மடிப்பு மடிப்பாகத் தெளிந்து நிற்கும். ஐந்தலைப் பொதிகை, கூம்பாக உயர்ந்த அகத்தியர் மலை, தெற்கே களக்காட்டு மலைகளைத் தாண்டி மகேந்திரகிரி வரை நீளும் முகடு என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். குளிர்காலத்தில் அந்த முகட்டில் ஏறி, சிகரம் சிகரமாகத் தனியே நடந்துவிட வேண்டும் என்ற ஆசை இப்பக்கத்து இளைஞர்கள் பலருக்கு இருக்கிறது. அந்த ஆசையில் எந்தப் பகுதி நிறைவேறக்கூடியது, அதற்கு உடலையும் மூட்டையையும் எப்படி ஆயத்தம் செய்வது, மேலே போனபின் எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எந்த வழி திறந்திருக்கிறது

முகடு முழுவதையும் ஒரே நடையாகக் கடக்க எவருக்கும் அனுமதி கிடையாது. நம் பக்கத்துச் சரிவு 1988இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அனுமதியின்றி அதற்குள் நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம் என்று நம் முன்னோர் அகத்தியரைக் காணப் போன பழைய பாதை இன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. தாமிரபரணி ஊற்றெடுக்கும் காடு அது. அங்கே ஆள் நடமாட்டம் குறைவாக இருப்பது கீழே பிசான நெல் பயிருக்குத் தண்ணீர் எதிர்பார்க்கும் நமக்குத்தான் முதல் நன்மை என்பதால், இந்தத் தடை சரியானது என்றே நான் கருதுகிறேன். யாராவது பணம் வாங்கிக்கொண்டு குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் உரிய அனுமதியில்லாத பாதையில் போன குழு காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன.

பொதிகையின் சிகரமான அகத்தியர் மலைக்குத் திறந்திருக்கும் வழி மேற்கிலிருந்து, கேரளத்துப் போணக்காடு வழியாக. ஆண்டுதோறும் ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கி, பிப்ரவரி வரை, கேரள வனத்துறை நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள்களை அனுமதிக்கிறது. ஒருவராகவே பதிவு செய்யலாம். உங்களுடைய சுமை, நடை, உணவு, திரும்புவதா தொடர்வதா என்ற முடிவு எல்லாம் உங்கள் பொறுப்பு. ஆனால் போணக்காட்டு வனச் சாவடியில் உங்களை ஒரு சிறு குழுவோடும் வழிகாட்டியோடும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். யானைக் காட்டில் தனியாளாகப் போவது என்பதற்கு இதைவிடக் கூடுதலான பொருளை எவரும் தேடக் கூடாது.

ஒரே நடையில் பல மலைகளைக் கடக்கும் அனுபவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும் கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகள் இருக்கின்றன. அங்கே கூட்டத்தோடு கூட்டமாக ஏறலாம். இங்கே நான் விரிவாகச் சொல்லப்போவது பொதிகையைப் பற்றி.

அனுமதி பெறுவது

முன்பதிவு தொடங்கும் நாளை வனத்துறை ஜனவரி தொடக்கத்தை ஒட்டி அறிவிக்கும். தொடங்கிய சில நிமிடங்களிலேயே சனி, ஞாயிறுகள் நிறைந்துவிடும் என்பதால், வாரத்தின் நடுநாள்களைக் குறிவைப்பது நல்லது. 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019 முதல் பெண்களும் சிகரம் வரை செல்கிறார்கள். அடையாள அட்டையின் மூலத்தையும், பயணத்துக்கு முந்தைய சில நாள்களுக்குள் பெற்ற மருத்துவச் சான்றையும் கையில் வைத்திருங்கள். கட்டணமும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்த ஆண்டின் அறிவிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள். பூசைப் பொருள்கள், பிளாஸ்டிக், மது, புகையிலை ஆகியவற்றுக்குத் தடை உண்டு. சிகரத்தில் அகத்தியர் சிலை இருந்தாலும், கற்பூரமும் ஊதுவத்தியும் கொண்டுபோக முடியாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மருத்துவச் சான்றை ஒரு சடங்காக எண்ணாதீர்கள். வெள்ளியங்கிரியில் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ஏறியவர்களில் சிலர் நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தார்கள். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

காலத்தைத் தேர்வது

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மலை இது. தை பிறந்துவிட்டால் மழை நின்றுவிடும் என்பது பொதுவாகச் சரி என்றாலும், 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் தாமிரபரணியில் வெள்ளம் போனதை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே தேதியை முடிவு செய்தபின், பயணத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் வானிலை அறிக்கையைத் தொடர்ந்து கவனியுங்கள். வங்கக் கடலில் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்தால், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைக் கைவிடுவதே அறிவுடைமை.

எனக்குப் பிடித்த காலம் ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரி முதல் வாரமும். அதற்கு முன் ஓடைகளில் நீரும் பாறைகளில் ஈரமும் மிகுதி. அதற்குப் பின் புல்வெளி காய்ந்து வெயில் சுடத் தொடங்கிவிடும்.

எட்டு வாரப் பயிற்சி

முதல் நாள் போணக்காட்டிலிருந்து இரவு தங்கும் அதிருமலை முகாம் வரை சுமார் 15 கி.மீ., இரண்டாம் நாள் சிகரத்துக்குச் சுமார் 6 கி.மீ. ஏறி அதே தூரம் இறங்குதல், மூன்றாம் நாள் மறுபடியும் 15 கி.மீ. என்பது மொத்தக் கணக்கு. வயல்வெளியில் காலை நடை போகிறவர்களுக்குத் தூரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சமதளத்தில் பழக முடியாது. கடையத்துக்கு அருகே தோரணமலை, பண்பொழித் திருமலைக் கோவில் ஆகிய இரண்டும் படிக்கட்டுப் பயிற்சிக்கு ஏற்ற இடங்கள். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு ஏறுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி, 3 கிலோவில் தொடங்கி 7 கிலோ வரை கூட்டுங்கள். ஏழாம் வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஏறி இறங்குங்கள். முதல் நாள் வலியோடு இரண்டாம் நாள் கால் எப்படி வேலை செய்கிறது என்பதை வீட்டுக்கு அருகிலேயே அறிந்துகொள்ள அதைவிட வேறு வழி இல்லை. எட்டாம் வாரம் ஓய்வு.

இறங்கும்போது முழங்காலைச் சற்று மடக்கியே வைத்து, சிறு சிறு அடியாக வைத்து இறங்கிப் பழகுங்கள். கட்டைவிரல் நகங்களை ஒட்ட வெட்டாவிட்டால், மூன்றாம் நாள் இறக்கத்தில் நகம் காலணியின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். புதுக் காலணியோடு மலைக்குப் போகாதீர்கள். பயிற்சி முழுவதையும் அதே காலணியில், அதே காலுறையில் செய்யுங்கள். வழிகாட்டியோடு காட்டில் நடந்து பழக விரும்புவோருக்கு, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நம் மாவட்டத்துப் பாதையும் இருக்கிறது.

குளிரும் காற்றும், அவற்றுக்கேற்ற உடையும்

நம்மவர்கள் மிகவும் அசட்டையாக இருப்பது இந்த இடத்தில்தான். மார்கழிக் குளிருக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும் என்ற பழக்கம் மலையில் உதவாது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. அகத்தியர் மலையின் உயரம் 1868 மீட்டர் என்பதால், பாளையங்கோட்டையில் விடியலில் 22 டிகிரி இருக்கும்போது சிகரத்தில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும் என்று கணக்கிடலாம். இதில் காற்று சேரவில்லை. வியர்வையில் நனைந்த உடம்பின் மீது பலமான காற்று அடித்தால், அதே 10 டிகிரி ஆளை நடுங்க வைத்துவிடும்.

காற்று எப்படி வருகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். தை மாதத்தில் வீசுவது கொண்டல். அது கிழக்கே நம் சமவெளியைக் கடந்துவந்து மலைச்சரிவில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, மேகமாக மாறி முகட்டைத் தாண்டி மேற்கே வழிகிறது. நீங்களோ மேற்கிலிருந்து, மலையின் மறைவிலேயே ஏறி வருகிறீர்கள். காட்டுக்குள் இலை அசையாது, வியர்த்துக் கொட்டும், வானம் நீலமாகத் தெரியும். முகட்டை எட்டும் வரை கிழக்கே திரண்டுகொண்டிருக்கும் மேகம் கண்ணில் படாது. மேலே ஏறிய சில நிமிடங்களில் பத்தடிக்கு அப்பால் இருப்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி வந்துவிடும்போது, இது திடீரென்று வந்தது என்று தோன்றும்; உண்மையில் அது காலையிலிருந்தே மறுபக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

ஆகவே உடையை மூன்று அடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டி, சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை. அதன் மேல் மெல்லிய கம்பளி அல்லது ஃபிளீஸ். அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் எளிதில் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காதை மூடும் குல்லா ஒன்று, இரவில் மாற்றுவதற்கென்றே தனியாக உலர்ந்த உடுப்பு ஒரு சோடி, அதை நனையாமல் வைக்க நீர் புகாத துணிப்பை ஒன்று.

கூட நடப்பவருக்கு நடுக்கம் நிற்காமல் இருந்தாலோ, விரல்களால் பொத்தானைப் போட முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, அவருடைய உடற்சூடு ஆபத்தான அளவுக்குக் குறைகிறது என்று பொருள். உடனே காற்று மறைவுக்குக் கொண்டுபோய், நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போர்த்தி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, கீழே இறக்குங்கள். தனியாளாகப் போகிறவருக்கு இந்த அறிகுறிகளைத் தன்னிடமே கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் முதலில் மழுங்குவது யோசிக்கும் திறன்தான். அதனால் நடுக்கம் தொடங்கும்வரை காத்திருக்காமல், குளிர்கிறது என்று தோன்றும் முன்பே அடுத்த அடுக்கைப் போட்டுக்கொள்வதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையும் சாப்பாடும்

மொத்தச் சுமை 7 கிலோவைத் தாண்டாமல் இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர், குளோரின் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், தலைவிளக்கு, அதற்கு மாற்று மின்கலம், விசில், கட்டுத்துணி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, மெல்லிய படுக்கை விரிப்பு, கைத்தடி ஆகியவை போதும்.

அதிருமலை முகாமில் உணவு கிடைக்கும். நடுவழிக்கு நம் ஊர்ப் பலகாரங்களை விஞ்சியது எதுவும் இல்லை. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிய இட்லி முதல் நாள் மதியம் வரை தாங்கும். பொரிவிளங்காய் உருண்டை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டித் துண்டு ஆகியவற்றைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள். பொரிவிளங்காய் குளிரில் கல்லாகிவிடும். முந்தின நாளே உடைத்துத் துணியில் முடிந்து வையுங்கள்.

வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய தாள்

போணக்காட்டைத் தாண்டினால் செல்பேசித் தொடர்பை நம்ப முடியாது. புறப்படும் முன் ஒரு தாளில் அனுமதிச் சீட்டின் எண், உள்ளே போகும் நாள், வெளியே வரும் நாள், போகும் வழி, உங்கள் இரத்த வகை, உடுத்தியிருக்கும் மேலங்கியின் நிறம் ஆகியவற்றை எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். மூன்றாம் நாள் இரவு 9 மணிக்குள் அழைப்பு வராவிட்டால் எந்த வன அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அம்மாவிடம் கொடுத்தால் அவர் அன்று மாலை 5 மணிக்கே எல்லோருக்கும் போன் செய்துவிடுவார் என்று தோன்றினால், அக்காள், மைத்துனர், நண்பர் என்று பதறாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் நாள்: போணக்காட்டிலிருந்து அதிருமலை

தென்காசிப் பக்கத்தார் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாக விதுரை சேரலாம். திருநெல்வேலியிலிருந்து போகிறவர்களுக்கு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய், நெடுமங்காடு, விதுரை வழியாகப் போணக்காடு போவது எளிது. காலையில் சாவடியில் இருக்க வேண்டும் என்பதால், முந்தின இரவே திருவனந்தபுரத்திலோ விதுரையிலோ தங்கிவிடுங்கள்.

சாவடியில் சீட்டு, அடையாள அட்டை, பை எல்லாவற்றையும் சோதித்து அனுப்புவார்கள். வழிகாட்டிகளில் பலர் காணி என்னும் மலைப் பழங்குடி மக்கள். காரையாற்றுப் பக்கம் சின்ன மயிலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் வாழும் நம் காணிக்காரர்களின் உறவுக் குடிகள் இவர்கள். தமிழ் நன்றாகப் புரியும். “அண்ணே, இன்னைக்கு ஆனை எந்தப் பக்கம் நிக்கி?” என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அன்றைய பாதையைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தகவல் அதுவாகத்தான் இருக்கும். 1987இல் இந்த மலைக்கு வந்த ஆய்வாளர்கள், தங்களோடு நடந்த காணி வழிகாட்டிகள் ஏதோ ஒரு கனியைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடப்பதைக் கவனித்துக் கேட்டதால்தான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியுலகுக்குத் தெரிந்தது. பின்னர் அதிலிருந்து உருவான மருந்தின் வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு தரப்பட்டது. அந்தச் செடியையோ வேறு எதையுமோ நீங்கள் பறிக்கக் கூடாது.

லாத்திமொட்டை, கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று இடையிடையே நிறுத்தங்கள் வரும். அட்டையாறு வரை பெரும்பாலும் நிழலான காடு. வேகமாக நடக்கத் தோன்றும். அந்த வேகத்தை அடக்குங்கள், ஏனென்றால் ஏழுமடக்குத்தேரியும், ஏறும்போது முழங்கால் முகத்தில் இடிக்கும் என்று பெயரிலேயே சொல்லிவிடும் முட்டிடிச்சான் மேடும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. புல்வெளியில் உச்சி வெயில் நேரே அடிக்கும், தொப்பி கட்டாயம். மழை பெய்திருந்தால் ஓடைக்கரைகளில் அட்டை இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகி, கொஞ்சம் உப்புப் பொடியைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டால் போதும். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் சற்று நேரம் நிற்காமல் கசியும், அஞ்ச வேண்டியதில்லை.

யானையைப் பற்றி ஒன்றே ஒன்று: ஈரம் உலராத சாணம், புதிதாக முறிந்த மூங்கில், கூர்மையான யானை வாடை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நின்று, பேச்சை நிறுத்தி, வழிகாட்டி வரும்வரை காத்திருங்கள். குழுவில் முதல் ஆளாகவும் கடைசி ஆளாகவும் தனித்து நடக்க வேண்டாம். மிளாவும் காட்டெருமையும் தாமாகவே விலகிப் போகும். வழி விட்டால் போதும்.

இரண்டாம் நாள்: சிகரம்

காலை வெளிச்சம் வந்ததும் முதல் குழுவோடு புறப்பட்டுவிடுங்கள். பெரிய பையை முகாமில் விட்டு, தண்ணீர், உணவு, மேலங்கி, விளக்கு மட்டும் சிறு பையில் போதும். ஈற்றை மூங்கில் புதர்களுக்கு இடையே ஏறும் பாதை பொங்காலைப்பாறையில் போய்த் திறக்கும். அகன்று சரிந்த பாறை, பக்கத்தில் ஓடும் நீர், மேலே சிகரத்தின் மொட்டைத் தலை. இங்கே கட்டாயம் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீரை நிரப்பி, ஏதாவது சாப்பிட்டு, வியர்த்த உள்சட்டையை மாற்றி, மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் காற்று உங்களைத் தடையின்றித் தொடும். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மேலங்கியை மாட்ட முடியாது.

இதற்குப் பின் குள்ள மரக்காடும், கயிறு கட்டிய பாறைச் சரிவுகளும் மாறி மாறி வருகின்றன. பாறையை உற்றுப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். வெளிறிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருப்பது உலர்ந்த பாறை. அதில் காலணி நன்றாகப் பிடிக்கும். வெளிர்பச்சைத் திட்டுகள் பாறைப்பூஞ்சை. உலர்ந்திருந்தால் பரவாயில்லை, பனியில் நனைந்தால் வழுக்கும். மேலிருந்து கீழாக ஓடும் கறுத்த பட்டைகள் நீர் கசியும் தடங்கள். வெயில் அடித்தாலும் அவற்றின் மீது காலை வைக்காதீர்கள். கால் முழுவதையும் தட்டையாகப் பதியுங்கள். முன்புறம் குனிந்து பாறையோடு ஒட்டினால் குதிகால் எழும்பி வழுக்கும் என்பதால் உடம்பை நிமிர்த்தியே வையுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். முன்னே போனவர் கடந்துவிட்டேன் என்று குரல் கொடுத்த பிறகு நீங்கள் தொடங்குங்கள். புதரையும் வேரையும் பற்றுமுன் கண்ணால் பார்த்துவிடுங்கள். பச்சை விரியன் கிளையோடு கிளையாகக் கிடக்கும். இறங்கும்போது செங்குத்தான இடங்களில் பாறையைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குங்கள்.

சிகரத்தில் வானம் தெளிவாக இருந்தால் மேற்கே பேப்பாறை, நெய்யாறு நீர்த்தேக்கங்களும், கிழக்கே நம் காரையாறு அணையும் ஒரே இடத்திலிருந்து தெரியும். பாபநாசத்தில் நாம் குளிக்கும் தண்ணீர் எந்த மடிப்பிலிருந்து இறங்குகிறது என்று அங்கே நின்று பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தனி நிறைவு. ஆனால் நண்பகலை ஒட்டி மேகம் ஏறும் என்பதால், 12 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்ற முடிவைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். சிகரம் இன்னும் ஐம்பது மீட்டர்தான் என்றாலும் இந்த முடிவு மாறக் கூடாது. பாறை நனைந்துவிட்டாலோ, முன்னே போகிறவர் மறைந்துவிடும் அளவுக்கு மூடுபனி வந்துவிட்டாலோ, கடிகாரம் பார்க்காமலே திரும்புங்கள். ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் மறையும். காட்டுக்குள் அதற்கும் வெகு நேரம் முன்பே இருட்டிவிடும்.

மூன்றாம் நாளும் அதற்குப் பின்னும்

இறக்கம் என்பதால் எளிது என்று நினைப்பவர்களே கணுக்காலைச் சுளுக்கிக்கொள்கிறார்கள். கைத்தடியை ஒரு பிடி நீளமாக்கி, மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து ஓய்வெடுத்து இறங்குங்கள். வெளியே வந்ததும் சாவடியில் பெயரைப் பதிந்து, தாளை வைத்திருப்பவருக்கு முதல் அழைப்பைச் செய்யுங்கள்.

வீடு சேர்ந்ததும் துணிகளை வெந்நீரில் ஊறவைத்து, அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி வந்தாலோ, உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த, வலியில்லாத புண் தெரிந்தாலோ, சாதாரணக் காய்ச்சல் என்று மருந்துக்கடை மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் நம் மலையடிவார ஊர்களில் இருக்கும் நோய்தான்; உரிய நேரத்தில் கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் என்ற மருந்தில் குணமாகிவிடும். மருத்துவரிடம் எந்தத் தேதியில், எந்தக் காட்டில் நடந்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.